போடிமெட்டில் நின்றுபோன நிவாரணம்

விடியற்காலையிலேயே ஜீப்புகள் மலையேறிவிடும். போடியிலிருந்து போடிமெட்டு வழியாக, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக, கூடலூரிலிருந்து குமுளி வழியாக தேனி மாவட்டத்துப் பெண்கள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். காயெடுத்து, களை வெட்டி, மாலையில் இறங்கி வந்து உலை வைக்கிறார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் ஜீப்புகள் நின்றன. இவர்களுக்குத் தோட்டம் கேரளத்தில், ரேஷன் அட்டை தமிழ்நாட்டில். அதனாலேயே, இவர்கள் உழைத்த ஊரில் வீடு வீடாகப் போய்ச்சேர்ந்த நிவாரணம் இவர்கள் வீட்டுக்கு வரவில்லை.

அந்த நிவாரணத்தைக் கேரள முதல்வர் பினராயி விஜயன் ஊரடங்குக்கு முன்பே, 2020 மார்ச் 19 அன்று அறிவித்துவிட்டார். மொத்தம் 20,000 கோடி ரூபாய். குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் வழியாக 2,000 கோடிக்குக் கடன், கேரளத்தில் தொழிலுறப்பு எனப்படும் நூறு நாள் வேலைக்கு 2,000 கோடி, இரண்டு மாத ஓய்வூதியத்தை முன்கூட்டியே தர 1,320 கோடி. ஆனால் அந்த 20,000 கோடியில் 14,000 கோடி, அரசு ஏற்கெனவே பலருக்குத் தரவேண்டியிருந்த பாக்கி. பாக்கி தீர்ந்தாலும் சந்தையில் பணம் புழங்கும் என்பது உண்மைதான். என்றாலும் அதைப் புதிய உதவிக் கணக்கில் சேர்க்கலாமா என்ற கேள்வியும் நியாயமானதே.

மே மாதம் மத்திய அரசு 20 லட்சம் கோடி அறிவித்தபோது இதே கேள்வி பெரிய அளவில் எழுந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்து சதவீதம் என்றது பா.ஜ.க. அரசு. அதில் பெரும்பகுதி வங்கிக் கடனும் உத்தரவாதமும்தான், கஜானாவிலிருந்து உண்மையில் கூடுதலாக இறங்குவது ஒரு சதவீதம்கூட இல்லை என்றார் காங்கிரஸின் ப. சிதம்பரம். கடன் வாங்கத் தெம்பில்லாத வீட்டுக்குக் கடன் வசதியால் என்ன பயன்? அந்தத் தொகுப்பில் கிராமங்களுக்கு நேராகப் போன பணத்தில் ஒன்று, நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக ஒதுக்கப்பட்ட 40,000 கோடி. அதே திட்டத்தைத்தான் 2015இல் நாடாளுமன்றத்தில் காங்கிரஸ் ஆட்சியின் தோல்விக்கு நினைவுச் சின்னம் என்று பிரதமர் மோடி வர்ணித்திருந்தார். நெருக்கடி வந்தபோது கைகொடுக்க அந்தத் திட்டம்தான் இருந்தது.

மந்தக் காலத்தில் அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்பதைப் பாலக்காட்டு எல்லையில் தெளிவாகப் பார்க்கலாம். நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது கேரளத்தில் முதலில் இடம்பெற்றவை பாலக்காடும் வயநாடும்தான். இடுக்கிக்கு அடுத்த ஆண்டு வந்தது. கேரளத்தில் இந்த வேலைக்கு வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெண்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அவர்கள் வாங்கும் கூலி அடுத்த சில நாளிலேயே மளிகைக் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் போய்விடும். அந்தக் காய்கறி பொள்ளாச்சியிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வருகிறது. கேரளத்துக் கூலி தமிழ்நாட்டு விவசாயியின் வருமானமாகிறது; கூலி நின்றால் அங்கே லாரி நிற்கிறது. எல்லாரும் கையைச் சுருக்கும் நேரத்தில் அரசாவது கையை விரிக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். இன்று வாங்கும் கடனை நாளை யார் அடைப்பது என்பது எதிர்த்தரப்பு வாதம். அதையும் தள்ளிவிட முடியாது.

ஆனால் கட்சிகள் இந்த இரண்டு வாதங்களையும் கொள்கையாக அல்ல, இருக்கையைப் பொறுத்தே கையாள்கின்றன. அமெரிக்காவில் 2009இல் அதிபர் ஒபாமாவின் 787 பில்லியன் டாலர் பொருளாதார ஊக்கத் திட்டத்துக்குக் கீழ்சபையில் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கூட வாக்களிக்கவில்லை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்த அ.தி.மு.க. அரசிடம் 5,000 கேட்டது தி.மு.க.; 2021இல் ஆட்சிக்கு வந்ததும் இரண்டு தவணையாக 4,000 கொடுத்தது. கேரளத்தில் அரசு இலவசமாகக் கொடுத்த மாதாந்தர உணவுப்பொருள் கிட், 2021 தேர்தல் நெருங்கியபோது அரிசிச் சண்டையாக மாறியது. விஷுப் பண்டிகையை ஒட்டிய சிறப்பு அரிசியை அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா எதிர்க்க, தேர்தல் ஆணையம் நிறுத்த, உயர் நீதிமன்றம் அனுமதித்தது.

இடுக்கிக்கு வாக்குறுதிகள் புதியவை அல்ல. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் பரிந்துரையை ஒட்டி 2008இல் ஒரு தொகுப்பு; 2019இல் 5,000 கோடி அறிவிப்பு; தேர்தல் தேதி வெளியாகும் முன், 2021 பிப்ரவரியில் 12,000 கோடி. இதற்கிடையே, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்ட ஏலக்காய், இரண்டரை ஆண்டுக்குள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. விலை விழும் வேகத்துக்கும் அரசுப் பணம் வரும் வேகத்துக்கும் இடையில்தான் சிறு விவசாயி கடனாளியாகிறார்.

தாமதம் எவ்வளவு கொடியது என்பதை 2023 நவம்பரில் அடிமாலி காட்டியது. மாதக்கணக்கில் ஓய்வூதியம் வராத இரண்டு மூதாட்டிகள் பிச்சைச் சட்டியுடன் தெருவில் இறங்கினார்கள். மாதம் 1,600 ரூபாய்தான் அவர்கள் கேட்டது. காங்கிரஸும் பா.ஜ.க.வும் மாநில அரசைச் சாடின. மாநிலத்தை ஆண்ட இடது முன்னணி டெல்லியைக் கைகாட்டியது: மாநில உள்கட்டமைப்பு நிதி வாரியமான கிஃப்பியும் ஓய்வூதிய நிறுவனமும் வாங்கிய கடனை மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்த்துக் கழுத்தை நெரிக்கிறார்கள் என்றது. மறைமுகக் கடனும் கடன்தான் என்பது மத்திய அரசின் பதில். தணிக்கைத் துறையும் கிஃப்பி கடனைக் கேள்வி கேட்டிருந்தது. கேரளம் தொடுத்த வழக்கை 2024 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. இரு தரப்பிலும் சட்ட வாதம் இருக்கலாம். மூதாட்டியின் மருந்துச் சீட்டு அந்த அமர்வுக்காகக் காத்திருக்காது.

நூறு நாள் வேலைத் திட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வேலைச் சட்டம் 125 நாள் வேலை என்கிறது. ஆனால் இதுவரை உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு ஏற்ற இடத்தில், இனி நூற்றுக்கு நாற்பதை மாநிலம் போட வேண்டும். மந்தம் வரும்போது மாநிலத்தின் வரி வருமானமும் சேர்ந்தே விழும். பணம் அதிகம் தேவைப்படும் ஆண்டில் கையில் குறைவாக இருக்கும் அரசிடம் இந்தப் பாரத்தை ஏற்றுவது தவறு.

எல்லையில் ஒரு தடை ஏற்கெனவே நீங்கியிருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் இரு மாநிலங்களும் சேர்ந்துவிட்டதால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைதாரர் எல்லை கடந்தும் அரிசி வாங்கலாம். மாநில அரசின் கிட்டும் நிவாரணத் தொகையும் வேலை அட்டையும் மட்டும் சோதனைச்சாவடியில் நின்றுவிடுகின்றன. திருவனந்தபுரமும் சென்னையும் உட்கார்ந்து பேசினால் தோட்டத்துக்கு வந்துபோகும் தொழிலாளருக்கென்று ஒரு கூட்டுப் பதிவேட்டை உண்டாக்கலாம். அடுத்த மந்தம் வருவதற்கு முன் அது நடந்தாக வேண்டும்.