டிராகன் பழம்: தண்டு எங்கும் பிடிக்கும், பழம் எங்கே கிடைக்கும்?

டிராகன் பழம் எனப்படும் சிவப்புப் பழத்தை இன்று நகரத்துப் பழக்கடைகளில் சாதாரணமாகக் காண்கிறோம். அதன் விலையைக் கேட்டதும், "இதை நாமும் வைத்தால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயற்கையே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையையும் நாம் மறக்க முடியாது. இப்படிப்பட்ட அனர்த்தங்களால் லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்கள், கையிலுள்ள சிறு தொகையை எதில் போடுவது என்று யோசிக்கின்றன. அப்படி யோசிக்கிறவர்களுக்காகவே இக்கட்டுரை.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இச்செடியின் தண்டு மலையகத்தில் ஏறக்குறைய எங்கும் வேர் பிடிக்கும். ஆனால் எங்கும் பழம் தராது. தண்டு பிடித்துவிட்டதைப் பார்த்து, பழமும் வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கம்பம் நடுவதுதான் ஆபத்து.

இது என்ன செடி?

இது ஒரு கள்ளி. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா ஆகிய பகுதிகளே இதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் இதை வியட்நாமுக்குக் கொண்டு சென்றார்கள். இன்று உலகிலேயே அதிகமாக இதைப் பயிரிடும் நாடுகளுள் வியட்நாமும் ஒன்று. நமது வீட்டு வாசல்களில் இரவில் பூத்து விடியுமுன் வாடிப்போகும் கடுபுல் பூவை எல்லோரும் அறிவோம். அதுவும் இதுவும் ஒரே குடும்பம். டிராகன் செடியின் பூவும் மாலை மங்கிய பின் விரியும். மறுநாள் காலையில் வாடிவிடும். அந்த ஓர் இரவுக்குள் மகரந்தம் சேர்ந்தால்தான் பழம் உண்டு.

எந்த இடம் பொருத்தமானது?

இச்செடிக்கு நல்ல வெயிலும் சூடும் வேண்டும். வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. நுவரெலியா நகரம் 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கே உறைபனியும் விழுவதுண்டு. உறைபனி பட்ட கள்ளித்தண்டு வெந்ததுபோல் ஆகி அழுகிவிடும். ஆகவே அவ்வளவு உயரத்தில் இதைத் திறந்த வெளியில் வைக்க வேண்டாம். அங்கு மரத்தக்காளி, பேரி, லீக்ஸ், போஞ்சி போன்றவையே நமக்குக் கைகொடுக்கும்.

ஹட்டன் நகரம் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே குளிரைவிட மழையே பெரிய தடை. இச்செடி பெரும்பாலும் மே மாதமளவில் பூக்கத் தொடங்கிச் சில மாதங்கள் அலை அலையாகப் பூக்கும். ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களில் தென்மேல் பருவமழை கொட்டுகிற காலமும் அதுதான். இரவு முழுவதும் மழை பெய்தால் பூவில் மகரந்தம் நனைந்து வீணாகும், பிஞ்சு உதிரும், தண்டில் அழுகல் நோய் தொற்றும். இதனால்தான் பச்சைப்பசேலென்று வளர்ந்த செடியிலும் பழத்தைக் காண முடிவதில்லை.

அதே மாதங்களில் மலையின் கிழக்குச் சரிவு எப்படியிருக்கும் என்பதைத் தேயிலைத் தொழிலாளர் அறிவார்கள். ஊவாத் தேயிலை நல்ல விலைக்குப் போகும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் அங்கே மழை குறைந்து காய்ந்த காற்று வீசும். ஆகவே வலப்பனை, ஹங்குராங்கெத்த பிரதேசங்களின் தாழ்வான பகுதிகளிலும், பதுளை மாவட்டத்தின் சூடான கீழ்ப்பகுதிகளிலும் இது பழம் தரும் வாய்ப்பு அதிகம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நம் உறவினரின் காணிகள் இதற்கு இன்னும் பொருத்தமானவை. அங்கே வேண்டியது கோடையில் சிறிது தண்ணீரும், கடும் வெயிலிலிருந்து கொஞ்சம் நிழலும்தான்.

தண்டிலிருந்து கன்று உண்டாக்குதல்

விதை போட்டும் இதை முளைக்க வைக்கலாம். ஆனால் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். பழமும் தாய்ச்செடியின் பழம்போல் இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்டை வெட்டி வைத்தால் தாயின் குணம் அப்படியே வரும். தோட்டத்து நாற்றுமேடையில் வி.பி. தேயிலைக் கன்று உண்டாக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தேயிலைத் துண்டை வாடவிடாமல் உடனே நட்டு ஈரமாக வைப்போம். டிராகன் தண்டை வெட்டியதும் நடக் கூடாது. முதலில் காயவிட வேண்டும். வெட்டுவாய் ஆறாமல் ஈர மண்ணில் வைத்தால் அது அழுகிவிடும். செய்யும் முறை இதுதான்:

1. ஏற்கெனவே பழம் தந்த, நோயில்லாத செடியைத் தெரிவு செய்யுங்கள். ஒரு வருடம் முதிர்ந்த, கரும்பச்சை நிறமான தண்டே நல்லது. இளந்தண்டு வேண்டாம்.

2. கத்தியை நெருப்பில் காட்டி, ஆறவைத்து, ஒன்று முதல் ஒன்றரை அடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டுங்கள். அடிப்பக்கத்தைச் சரிவாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டினால், நடும்போது தலைகீழாகிவிடாது.

3. அடிப்பக்கத்தில் சதையை ஓர் அங்குலம் அளவு சீவி, நடுவிலுள்ள கட்டையான பகுதி தெரியும்படி செய்யுங்கள். வேர் அங்கிருந்துதான் வரும்.

4. மழையும் நேர் வெயிலும் படாத, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். மூடுபனிக் காலமானால் இரண்டு வாரம் வைத்தாலும் கெடாது. வெட்டுவாய் காய்ந்து வெள்ளையாக இறுக வேண்டும்.

5. மணல், மேல்மண், நன்கு உக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து பொலித்தீன் பையில் நிரப்புங்கள். பையின் அடியில் துளைகள் இருக்கட்டும். இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் தண்டை நட்டு, ஒரு குச்சியோடு கட்டுங்கள்.

6. முதல் சில நாட்கள் தண்ணீர் வேண்டாம். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். மூன்று நான்கு வாரங்களில் வேர் வரும். குளிர் இடங்களில் இன்னும் தாமதமாகும். இரண்டு மூன்று மாதங்களில் நிலத்தில் நடலாம்.

காணியில் நடுதல்

தோட்டங்களில் 2015ஆம் ஆண்டுக்குப் பின் கட்டப்பட்ட தனி வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச் காணி ஒதுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு, மலசலகூடம், பாதை, மரக்கறிப் பாத்தி ஆகியவற்றுக்குப் போக, ஐந்தாறு கம்பங்களுக்கு மேல் இடம் மிஞ்சாது. எனவே ஏக்கர் கணக்கில் சொல்லப்படும் இலாபக் கணக்குகளை நமது வீட்டுக் காணியோடு ஒப்பிட வேண்டாம்.

கம்பம் ஏழடி நீளம் இருக்கலாம். அதில் ஒன்றரை முதல் இரண்டு அடி மண்ணுக்குள் போக வேண்டும். வளர்ந்த செடியின் பாரம் மிக அதிகம் என்பதால் கொங்கிறீட் கம்பமே நிலைக்கும். கம்பத்தின் தலையில் பழைய டயர் ஒன்றைப் பொருத்துங்கள். கம்பத்துக்குக் கம்பம் எட்டு முதல் பத்து அடி இடைவெளி தேவை. மண்ணை ஓரடி உயரத்துக்கு மேடாக்கி, கம்பத்தைச் சுற்றி நான்கு கன்றுகளை நடுங்கள். மழைநீர் வடிந்தோடக் கான் வெட்டுங்கள்.

ஒவ்வொரு கன்றிலும் ஒரு தண்டை மட்டும் மேலே ஏற்றி, பக்கக் கிளைகளை வெட்டிவிட வேண்டும். டயரைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பிரிந்து தொங்கும். தொங்கும் கிளைகளில்தான் பூக்கள் வரும். அறுவடை முடிந்ததும் நோயுற்ற, நெருக்கமான கிளைகளை அகற்றுங்கள். தேயிலைக் கவ்வாத்துப் பழகிய கைகளுக்கு இது கடினமான வேலையல்ல. வெட்டிய நோய்த்தண்டுகளைக் கூட்டெருவில் போடாது எரித்துவிடுங்கள்.

உரமாக மாட்டெருவும் கூட்டெருவும் போதும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நாம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். எருவைத் தண்டோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் பரப்புங்கள்.

சரிவான காணியில் இருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இச்செடியின் வேர் மேலோடும் வேர். அது மண்ணைப் பிடித்து வைக்காது. இதை நடுவதற்காக மரங்களையோ வெட்டிவேர் வரிசைகளையோ அகற்றுவது, நம்மை இடம்பெயர வைத்த ஆபத்தை நாமே திரும்ப அழைப்பதாகும். நிலத்தில் வெடிப்புக் கண்ட இடத்தில் குழி தோண்டவே வேண்டாம். கிராம சேவகர் மூலம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

பூவும் பழமும்

நல்ல இடத்தில், தண்டில் இருந்து வந்த செடி இரண்டாம் ஆண்டளவில் பூக்கத் தொடங்கும். வெள்ளைச் சதை வகைகள் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். சிவப்புச் சதை வகைகள் பலவற்றுக்கு வேறொரு வகையின் மகரந்தம் தேவை. ஆகவே இரண்டு வகைகளையும் அருகருகே வைத்து, இரவில் மென்மையான தூரிகையால் மகரந்தத்தை எடுத்து மற்றப் பூவின் சூலகமுடியில் தடவலாம். பூத்து ஐந்து, ஆறு வாரங்களில் தோல் சிவக்கும். குளிர் இடங்களில் நாட்கள் கூடும். பறித்த பின் இப்பழம் மேலும் இனிக்காது. எனவே நன்கு சிவந்த பிறகே பறியுங்கள்.

முதலில் ஒரு கம்பம்

காணி யாருடையது என்பது தெளிவாகும்வரை நிரந்தரக் கம்பம் நட வேண்டாம். இச்செடி பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் பயன் தரக்கூடியது. ஆனால் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. தற்காலிகக் கொட்டில்களில் இருப்போர் பைகளில் கன்று வளர்க்கலாம். நிரந்தரக் காணி கிடைக்கும்போது அவற்றை எடுத்துச் செல்லலாம். வெட்டிய தண்டுகளைக்கூடச் சாக்கில் சுற்றி நிழலில் சில வாரங்கள் வைத்திருக்க முடியும்.

காணி உறுதியான குடும்பங்கள் முதலில் ஒரே ஒரு கம்பத்தை நடட்டும். தண்டை அயலவரிடம் கேட்டு வாங்கினால் செலவு கம்பத்துக்கு மட்டுமே. இரண்டு மழைக்காலங்களைக் கடந்து அது பழம் தந்தால், அதிலிருந்தே வேண்டிய தண்டுகளை வெட்டிக்கொள்ளலாம். தராவிட்டால் போனது ஒரு கம்பம்தான். வீட்டின் சேமிப்பு போகவில்லை. ஐயம் ஏற்பட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

கன்று விற்பவர் எவ்வளவு சொன்னாலும், உங்கள் ஊரின் மழையும் குளிரும் என்ன சொல்கின்றன என்பதை அந்த ஒரு கம்பத்திடம் கேட்டறிந்த பின்பே அடுத்த கம்பத்துக்குக் குழி வெட்டுங்கள்.