அயல்நாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு: சென்றவர் திரும்பும் வழி

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற சமயத்தில், பிரிவினைக்கு முற்பட்ட பஞ்சாப் மாகாண அரசாங்கத்தின் கையில், போருக்கென்று திரட்டப்பட்டுச் செலவாகாமல் எஞ்சிய ஒரு நிதி இருந்தது. சிறு விவசாயிகளின் நலனுக்கு அதனைப் பயன்படுத்துவதென்று முடிவாயிற்று. அவ்வாறு வகுக்கப்பட்ட திட்டங்களுள் ஒன்று, விவசாயக் குடும்பத்து மாணவர்கள் ஐவருக்கு அயல்நாடு சென்று பயில உபகாரச் சம்பளம் அளிப்பதாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள், ஜங் என்னும் ஊரைச் சேர்ந்த அப்துஸ் ஸலாம் என்ற இருபது வயது இளைஞருக்கு மட்டுமே அவ்வாண்டு இடம் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் வேறொரு மாணவர் வராமற்போனதால் காலியான இடம் அது. 1946-ஆம் ஆண்டில் அவர் கப்பலேறினார். மற்ற நால்வரும் அடுத்த ஆண்டு செல்லலாமென்று காத்திருந்தனர். அடுத்த ஆண்டு தேசம் இரண்டாகப் பிரிந்தது. அந்த உபகாரச் சம்பளமும் இல்லாமற்போயிற்று.

1979-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸலாமின் வாழ்க்கையைக் கூறுவோர் இந்த அதிர்ஷ்டத்தைப் பெரிதும் எடுத்துரைப்பதுண்டு. ஆயினும், வளர்ச்சி பெற்று வரும் நாடுகளிலிருந்து டாக்டர் பட்டத்துக்காக அயல்நாடு செல்லும் மாணவர்களைப் பற்றி எண்ணுவோர்க்கு, அவர் புறப்பட்ட கதையைக் காட்டிலும் திரும்பி வந்த கதையே அதிகம் கற்பிக்கிறது.

லாகூரில் மூன்று ஆண்டுகள்

கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியை முடித்த ஸலாம், 1951-இல் லாகூர் அரசினர் கல்லூரியில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அடிப்படைத் துகள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் அதற்குள் உலகப் பெயர் பெற்றிருந்தவர் அவர். அத்துறையில் அவரோடு பேசுவதற்கு லாகூரில் ஒருவரும் இல்லை. புதிய ஆராய்ச்சிப் பத்திரிகைகள் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. கற்பித்தலுக்கு மேற்பட்டு அவர் ஏதேனும் ஒரு பொறுப்பை ஏற்க வேண்டுமென்று கல்லூரியில் கூறப்பட்டபோது, மாணவர் விடுதி, கணக்கு, கால்பந்துக் குழு ஆகிய மூன்றில் கால்பந்துக் குழுவைத் தேர்ந்தெடுத்தார். பௌதிக மேதை வுல்ஃப்காங் பௌலி பம்பாய்க்கு வந்திருப்பதறிந்து அவரைக் காணச் சென்றமைக்கு, அனுமதியின்றி ஊரை விட்டுச் சென்றதாக அவரிடம் விளக்கம் கோரப்பட்டது. 1953-இல் லாகூரில் அவர் சார்ந்த சமயப் பிரிவினருக்கெதிராக நிகழ்ந்த கலவரங்களும் சேர்ந்துகொண்டன. 1954-இல் அவர் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிவிட்டார்.

அதே 1954-இல் எதிர்த்திசையில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். கும்பகோணத்தில் பிறந்த மா. சா. சுவாமிநாதன், யுனெஸ்கோ உதவித் தொகையில் 1949-இல் நெதர்லாந்தின் வாகனிங்கனுக்குச் சென்று, பின்னர் கேம்பிரிட்ஜில் உருளைக்கிழங்கு இனங்களைப் பற்றி ஆராய்ந்து 1952-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் விஸ்கான்ஸினில் பணி செய்தபின் தாயகம் திரும்பினார். உருளைக்கிழங்கு நிபுணருக்கு அப்போது இங்கே வேலை இல்லை. சில மாதங்கள் காத்திருந்த பிறகு, கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தாற்காலிகப் பதவி ஒன்று கிடைத்தது. அங்கே இண்டிகா, ஜப்பானிகா நெல்வகைகளைக் கலக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் டில்லிக்கு மாறிக் கோதுமையில் செய்த காரியம் யாவரும் அறிந்ததே. படித்த பயிர் வேறு, நாடு அவரிடம் எதிர்பார்த்த பயிர் வேறு. அவரைத் தாங்கிக்கொள்ள ஆராய்ச்சி நிலையங்கள் இங்கே இருந்தமையால் அந்த வித்தியாசம் பெரிய நஷ்டமாக முடியவில்லை. இத்தகைய நிலையங்கள் இல்லாத நாடுகளில் அது முடிந்திருக்கிறது.

மூன்று மாத விருந்தாளி

தம் நாட்டை விட்டு நீங்கியது ஸலாமை உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரிலேயே இருந்தால் விஞ்ஞானத்தை இழக்க வேண்டும், விஞ்ஞானத்தை வேண்டினால் ஊரை இழக்க வேண்டும் என்னும் நிலை வேறெவர்க்கும் நேரலாகாது என்று அவர் கருதினார். சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் ஆதரவிலும் இத்தாலிய அரசாங்கத்தின் பொருளுதவியிலும் 1964-இல் திரியெஸ்த் நகரில் அவர் நிறுவிய சர்வதேசத் தத்துவார்த்த பௌதிக நிலையம் இதன் விளைவாகும். அங்கே ஏற்படுத்தப்பட்ட 'உடனுறுப்பினர்' முறை எளிமையானது. வளரும் நாட்டில் பணிபுரியும் ஒரு விஞ்ஞானி, தம் பதவியிலிருந்து விலகாமலே, சில ஆண்டுகளுக்குள் மும்முறை அங்கு வந்து, ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை தங்கி ஆராய்ச்சி செய்யலாம். செலவை நிலையம் ஏற்கும். வந்தவர் மீண்டும் தம் வகுப்பறைக்கே செல்வார்.

இதே கருத்து நாளடைவில் டாக்டர் பட்டப் படிப்புக்கும் பரவியது. மாணவர் தம் நாட்டுப் பல்கலைக் கழகத்திலேயே பதிவு செய்துகொண்டு, இடையில் சில மாதங்கள் அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் தங்கிக் கருவிகளையும் முறைகளையும் பயின்று, மீண்டும் ஊர் வந்து ஆய்வேட்டை முடிப்பதை 'சாண்ட்விச்' முறை என்கின்றனர். இரு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்த பண்டம் போன்றது என்பது பொருள். இடைச்செருகல் என்று மொழிபெயர்த்தால் சொல் பொருந்தும். ஆனால் ஏடுகளைப் பதிப்பிக்கும் புலவர்களிடையே அச்சொல்லுக்குள்ள அவப்பெயரை நினைத்து அதனைத் தவிர்ப்பதே நலம்.

1983-இல் ஸலாம் முன்னின்று திரியெஸ்த்தில் மூன்றாம் உலக விஞ்ஞானக் கழகத்தைத் தோற்றுவித்தார். இன்று உலக விஞ்ஞானக் கழகம் என வழங்குவது இதுவே. மாணவர்கள் செல்லும் திசையே மாறலாம் என்று காட்டியது இக்கழகத்தின் முக்கியமான பணி எனலாம். டாக்டர் பட்டம் என்றால் லண்டனோ நியூயார்க்கோ என்றிருந்த வழக்கத்துக்கு மாறாக, வளரும் நாட்டு மாணவர் ஒருவர் வேறொரு வளரும் நாட்டின் சிறந்த ஆய்வுக்கூடத்தில் பயில்வதற்கு இந்தியா, சீனா, பிரேசில் முதலிய நாடுகளுடன் சேர்ந்து அது உதவித் தொகைகளை ஏற்படுத்தியது. இந்தியாவில் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரியல் தொழில்நுட்பத் துறையும் இதில் பங்கு கொண்டன. மைசூரிலுள்ள உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், சென்னையிலுள்ள தோல் ஆராய்ச்சி நிலையம் போன்றவை அக்கவுன்சிலைச் சேர்ந்தவை. தானியம் கெடாமற் காப்பதும், தோல் பதனிடும் கழிவுநீரைச் சுத்தம் செய்வதும் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்குப் பொதுவான பிரச்னைகள். அவற்றுக்கு இங்கே கற்ற விடை மாணவரின் சொந்த ஊரில் அதிகம் மாறாமற் பயன்படும்.

சோளமும் சுடுமல்லியும்

மனிதர் திரும்புவது ஒன்று; அவர் கற்றது திரும்புவது வேறொன்று. எத்தியோப்பியாவில் கூரைக் குடிசையில் பிறந்த கெபிஸா எஜெட்டா, பள்ளி செல்ல ஞாயிறு மாலையில் 20 கிலோமீட்டர் நடந்து, வாரம் முழுதும் தங்கிப் படித்து, வெள்ளியன்று திரும்பி நடந்தவர். விவசாயக் கல்லூரியில் பட்டம் பெற்றதும், சோள வகைகளைச் சேகரிக்க அந்நாட்டுக்கு வந்திருந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ஆக்ஸ்டெல்லுக்கு உதவி செய்தார். அந்தத் தொடர்பினால் பர்டியூ பல்கலைக் கழகம் சென்று 1978-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்குள் 1974-இல் தொடங்கிய புரட்சியினால் எத்தியோப்பியாவின் நிலைமை மாறிவிட்டது. அவர் அண்டை நாடான சூடானுக்குச் சென்று, ஹைதராபாதுக்கு அருகே தலைமையிடம் கொண்ட இக்ரிஸாட் நிறுவனத்தின் சார்பில் பணியாற்றினார். அங்கே 1983-இல் வெளியிடப்பட்ட 'ஹகீன் டூரா-1' வறட்சியைத் தாங்கும் கலப்பினச் சோளமாகும். அதன் பெயருக்கே அராபியில் கலப்பினச் சோளம் என்றுதான் பொருள்.

பின்னர் அவர் பர்டியூவிலேயே பேராசிரியரானார். ஆயினும் எடுத்துக்கொண்ட பிரச்னை ஆப்பிரிக்க வயலினுடையதே. நம் களப்பணியாளர்கள் சுடுமல்லி என்று அறிந்திருக்கும் ஒட்டுண்ணிக் களையின் விதை, சோள வேரிலிருந்து கசியும் ஒரு ரசாயனப் பொருளை உணர்ந்தாலன்றி முளைப்பதில்லை. அக்கசிவு குறைந்த சோள வகைகளை அவரும் அவருடைய சகாக்களும் தேர்ந்தெடுத்து விருத்தி செய்தனர். 2009-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தாயகத்தில் குடியிராதவர் என்பதற்காக அவருக்குச் செலவான உபகாரச் சம்பளம் வீணாயிற்று என்று எவரும் கூறமாட்டார்.

ஆனால் எல்லோரும் எஜெட்டா அல்லர். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் அந்நாட்டுப் பயிரை ஆராய்ந்து பட்டம் பெற்ற மாணவருக்கு, மரவள்ளியும் கம்பும் விளையும் ஊருக்குத் திரும்பினால் தாம் கற்றதில் எதைக் கொண்டு தொடங்குவது என்பதே கேள்வியாகிவிடுகிறது. இதனை நன்கு உணர்ந்து வகுக்கப்பட்டது தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ராக்ஃபெல்லர் அறநிலையத்தின் உதவியோடு ஏற்பட்ட ஆப்பிரிக்கப் பயிர் அபிவிருத்தி நிலையத்தின் திட்டம். மாணவர் முதலிரண்டு ஆண்டுகள் அங்கே பாடம் பயில்வார். எஞ்சிய மூன்று ஆண்டுகள் சொந்த நாட்டின் ஆராய்ச்சிப் பண்ணையில், சொந்த நாட்டுப் பயிரில் ஆய்வு செய்வார். வழிகாட்டும் பேராசிரியர் மாணவரைத் தேடிப் பண்ணைக்கு வருவார்.

அங்குள்ள வழக்கம் ஒன்று விஸ்தரிப்பு ஊழியர்களின் கவனத்துக்குரியது. இனவிருத்தியைத் தொடங்குமுன் மாணவர் கிராமங்களுக்குச் சென்று விவசாயிகளைக் கூட்டிக் கேட்டறிய வேண்டும்: எந்த ரகத்தை ஏன் விதைக்கிறார்கள், எதை ஏன் கைவிட்டார்கள், அறுவடைக்குப்பின் எது சமையலுக்கு ஒத்துவருகிறது என்று. மகசூல் ஒன்றையே கருதி உருவாக்கிய ரகத்தை, மாவு சரியில்லை என்று வீட்டுப் பெண்கள் ஒதுக்கிவிடுவது நம் நாட்டிலும் காணக்கூடியதே. விசாரணையின் முடிவு ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக இடம் பெறுகிறது. டாக்டர் பட்டத்துக்கு இவ்வாறு விவசாயியின் வாசலில் அடிக்கல் நாட்டும் வழக்கம் வேறெங்கும் அதிகம் இல்லை.

இதே முறையில் 2007-இல் கானா நாட்டின் லெகானில் மேற்கு ஆப்பிரிக்கப் பயிர் அபிவிருத்தி மையம் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய எரிக் டான்குவா, தாமே கேம்பிரிட்ஜ் சென்று பட்டம் பெற்றுத் திரும்பியவர். தம் நாட்டு இளைஞர்கள் அவ்வளவு தொலைவு செல்லத் தேவையில்லாதபடி செய்தார் என்பது அவருடைய சாதனை.

பெண்களுக்கு இத்தகைய ஏற்பாடு இன்னும் இன்றியமையாதது. குழந்தையை விட்டுவிட்டு நான்கு ஆண்டு கடல் கடந்திருக்க இயலாத ஆசிரியை, சில மாதத் தவணைகளாகச் சென்று வர இயலும். வளரும் நாடுகளின் பெண் விஞ்ஞானிகளுக்கென்று திரியெஸ்த்தில் இயங்கும் ஸ்தாபனம், ஸ்வீடன் நாட்டு உதவியுடன் 1998 முதல் அளித்து வரும் டாக்டர் பட்ட உதவித் தொகையில், முழுநேரப் படிப்போடு சாண்ட்விச் முறையும் அனுமதிக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

விண்ணப்பிப்போர் கவனிக்க வேண்டியது

இவ்வகை உதவித் தொகைகளுக்கு விண்ணப்பிக்கும் இளம் ஆசிரியர்கள், மதிப்பெண் பட்டியலிலும் பரிந்துரைக் கடிதங்களிலும் காட்டும் சிரத்தையை வேறு இரு தாள்களில் காட்டுவதில்லை. ஒன்று, சேர்ந்து பயில விரும்பும் ஆய்வுக்கூடம் தம்மை ஏற்பதாகத் தரும் கடிதம். இதனைப் பெறப் பல மாதம் பிடிக்குமாதலால் கடைசி நாளுக்கு ஒத்திப்போடலாகாது. மற்றொன்று, தற்போது பணிபுரியும் ஸ்தாபனம் அவருக்கு விடுப்பு அளித்து, திரும்பி வந்ததும் பதவியில் ஏற்றுக்கொள்வதாகத் தரும் உறுதி. ஊர் திரும்புவார் என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்று உலக விஞ்ஞானக் கழகத்தின் விதிகளிலேயே கேட்கப்படுகிறது. பல அரசாங்கங்கள் ஜாமீன் பத்திரமும் கேட்கின்றன. பத்திரம் ஆளைத் திரும்ப வரச் செய்யும். ஆராய்ச்சியைத் திரும்ப வரச் செய்வது அவருக்காகக் காத்திருக்கும் மேசையும், நுண்ணோக்கியும், மின்சாரமுமே.

அக்கழகம் ஆராய்ச்சி மானியங்களை வழங்கியதோடு, சிறிய ஏற்பாடு ஒன்றையும் பல காலம் நடத்தி வந்தது. வளரும் நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில், அந்நியச் செலாவணி கிடைக்காமையால் ஒரு விளக்கோ ஒரு குழாயோ மாற்றப்படாமல் விலையுயர்ந்த கருவி முடங்கிக் கிடக்குமானால், அந்த உதிரிப் பாகத்தை மட்டும் வாங்கி அனுப்புவது. தொகை அற்பமானது. கருவியின் பெயர், தயாரித்தவர், பழுதான பாகம் ஆகிய விவரங்களைக் குறித்து அனுப்பினால் போதுமானதாயிருந்தது.