தாய்ப்பலகை மாறிய கணிப்பொறி

மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையை மாற்றிய பின் கணிப்பொறி இயங்க மறுப்பதுண்டு. உடனே புதிய பலகை பழுதென முடிவுகட்டலாகாது. நேயர்கள் முதலில் திரையை நோக்குக.

திரை இருண்டே இருப்பின், குறை பெரும்பாலும் இணைப்பில்தான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சோதிக்க வேண்டும். 24 முனை மின்னிணைப்பைச் செருகியவர், பிராசஸருக்கென உள்ள 4 அல்லது 8 முனை இணைப்பை மறந்திருக்கலாம். ராம் தகடு முழுமையாக அழுந்தாமலும் இருக்கலாம்.

பலகையின் பெயர் தோன்றியும் விண்டோஸ் தொடங்காவிடின், காரணம் வேறு. பழைய ஹார்டு டிஸ்குகள் பல, 1983-இல் வந்த எம்.பி.ஆர். முறையில் பகுக்கப்பட்டவை. புதிய பலகைகளோ பெரும்பாலும் யூ.இ.எஃப்.ஐ. முறையில் ஜி.பி.டி. பகுப்பையே நாடுகின்றன. டிஸ்க் கெட்டுவிடவில்லை, பலகைக்கு அதன் பகுப்பு விளங்கவில்லை, அவ்வளவே. பலகையின் அமைப்புப் பக்கத்தில் சி.எஸ்.எம். வசதி இருப்பின், அதனை இயக்கிப் பார்க்கலாம். இல்லையெனில், கோப்புகளை அழிக்காமல் பகுப்பை மாற்றும் கருவி 2017 முதல் விண்டோஸிலேயே உண்டு.

பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க், பலகை மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அஃதின்றி வேறொரு கணிப்பொறியிலும் அதனைத் திறக்க இயலாது. ஆதலின் பழைய பலகையைக் கழற்றுமுன்பே அதனைக் குறித்துவைத்தல் வேண்டும்.

இவற்றை ஆராயாமல் டிஸ்கை ஃபார்மட் செய்ய எவர் கூறினும் இசைய வேண்டா. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, ஊரிலுள்ள பெற்றோரின் படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அந்த ஒரே டிஸ்கில் இருக்கக்கூடும். முதலில் அதனை வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் படியெடுத்துக்கொண்டு, பின்னரே மாற்றங்களைத் தொடங்குக.