அப்பாவின் எறும்பு எழுத்துகள்

அப்பா செய்தி வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்பதே எனக்கு மூன்று மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

ஈப்போவில் இருக்கும் அவர், பணி ஓய்வுக்குப் பிறகு நான் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில் தினமும் காலையில் தமிழ்ச் செய்தித் தளங்களைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு கோலாலம்பூரில் இருக்கும் எனக்குப் போன் வரும். "இந்தச் செய்தியைப் பார்த்தியாம்மா?" என்பார். அந்த அழைப்புகள் மெல்ல மெல்லக் குறைந்தன. வயதாகிறது, ஆர்வம் குறைந்திருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போனபோது, அலமாரியின் மேல் துணி போர்த்திக் கிடந்தது மடிக்கணினி.

"ஏன்ப்பா, இப்பல்லாம் வாசிக்கிறதில்லையா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. அதுல வர்ற எழுத்துதான் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. தமிழ் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். எழுத்து சிறிதானால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளிதான். அடுத்து, ண எது, ன எது என்ற தடுமாற்றம். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றுபோலத் தெரியும். நமக்கே கண்ணைச் சுருக்க வைக்கும் எழுத்து, எழுபதைத் தாண்டியவரை என்ன பாடு படுத்தும்?

அன்று மாலையே உட்கார்ந்தோம். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பக்கம் பெரிதாகும், கழித்தல் குறியைத் தட்டினால் சிறிதாகும், பூஜ்யத்தைத் தட்டினால் பழைய அளவுக்குத் திரும்பும். மேக் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். இப்படி மாற்றும் அளவை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகக் குரோம் நினைவில் வைத்துக்கொள்ளும். எல்லாத் தளங்களும் பெரிதாக வேண்டுமென்றால், செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதிக்குப் போய் பேஜ் ஸூம் அளவை மாற்றினால் போதும். அப்பாவுக்கு 150 விழுக்காடு வைத்தேன்.

ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துவோருக்கு இன்னொரு வசதி உண்டு. எழுத்துரு அமைப்பில் அட்வான்ஸ்ட் என்பதைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், தமிழுக்கு மட்டும் குறைந்தபட்ச எழுத்து அளவை நிர்ணயிக்கலாம். விளம்பரங்கள் தொல்லை தந்தால், முகவரிப் பட்டையில் வரும் ரீடர் வியூ சின்னத்தைத் தட்டுங்கள். கட்டுரை மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். கைப்பேசி குரோமில் இந்த எழுத்து அளவு, செட்டிங்ஸில் அக்ஸெஸிபிலிட்டி பகுதியில் இருக்கிறது.

பெரிதாக்கினால் சில தளங்களில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், பொத்தான்கள் காணாமல் போகும். அது வாசிப்பவரின் தவறல்ல. எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் பக்கத்தின் உள்ளடக்கமும் பயன்பாடும் கெடக்கூடாது என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது.

மறுநாளிலிருந்து காலை அழைப்புகள் திரும்பின. பெரிய சாதனை செய்துவிட்ட பெருமை எனக்கு. ஒரு மாதம் போனது. 175 ஆக்கிக்கொண்டதாகச் சொன்னார். கொஞ்ச நாளில் 200. ஒருநாள் கேட்டார்: "அம்மாடி, இதுக்கு மேலயும் பெருசாக்க முடியுமா?"

முடியும். குரோமில் 500 வரை போகலாம். ஆனால் அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. எழுத்து ஒரே அளவில்தான் இருக்கிறது. மாறிக்கொண்டே போவது அப்பாவின் கண். நான் அதைச் சரிசெய்யவில்லை, மறைக்க உதவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்களிலும் புரை. "முன்னமே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். "உங்களுக்கு ஆயிரம் வேலை. இதுக்காக ஊருக்கு ஓடி வரணுமா?" என்றார். நான் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

அடுத்த முறை பெற்றோரைப் பார்க்கப் போகும்போது, அவர்களுடைய திரையை ஒருமுறை பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள், இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அந்த அளவை நினைவில் வையுங்கள். அது ஏறிக்கொண்டே போனால், சரிபார்க்க வேண்டியது கணினியை அல்ல.

அப்பாவுக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. மற்றது விரைவில். சென்ற வாரம் காலையில் போன் வந்தது.

"என்னம்மா இது, எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி இருக்கு? யார் இப்படி வச்சது?"

அவரே கழித்தல் குறியைத் தட்டி 125க்கு இறக்கிவிட்டாராம்.