சிறுவரும் போர்த் திரைப்படமும்

தீபாவளித் திருநாளிலே புதுத் திரைப்படம் காண்டல் நம் நாட்டார் வழக்கங்களுள் ஒன்றாய் நிலைபெற்றுவிட்டது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் தீபாவளியன்று வெளிவந்த ‘அமரன்’ என்னும் படம், 2014 ஏப்ரல் 25-ஆம் நாள் காஷ்மீரத்துச் சோபியான் பகுதியிலே தீவிரவாதிகளோடு பொருது உயிர்நீத்து, அதன்பின் அசோக சக்கர விருதாற் சிறப்பிக்கப்பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வரலாற்றைப் பொருளாகக் கொண்டது. எங்கள் மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர்ப் படக்கொட்டகைக்குக் குடும்பங் குடும்பமாய்ச் சென்றனர். கைக்குழந்தைகளும் உடன் சென்றன. ஒன்பது வயதினனாகிய என் சிற்றன்னையின் மகன், “அண்ணா, என்னையும் அழைத்துப் போ” என்று நச்சரித்தான். சிற்றன்னையை வினவினேன். “நீ படித்தவன், நீயே பார்த்துச் சொல்” என்று அவர் கூறிவிட்டார். படித்தவன் என்னும் பெயர் இத்துணைப் பாரமுடையதென்று அன்றுதான் அறிந்தேன்.

சட்டம் இவ்வினாவிற்கு ஓரளவே விடை தருகின்றது. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் வழியே, ‘ஏ’ எனக் குறியிடப்பெற்ற படத்தைப் பதினெட்டு வயது நிரம்பாதார் காணுதல் ஆகாது. ‘யு/ஏ’ என்பதோ, பெற்றோர் தம் பொறுப்பில் முடிவு செய்க என்னும் அறிவுரையேயாம். பன்னிரண்டு வயது என முன்னிருந்த ஒற்றை வரம்பை 7, 13, 16 என மூன்றாகப் பகுக்கும் விதி 2024-இல் வந்தது. ஆயினும் வாயிலிலே நின்று அதுவும் எவரையும் தடுப்பதன்று. ‘அமரன்’ ‘யு/ஏ’ குறியே பெற்றது.

வயதொன்றே அளவுகோலாமோ? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அச்சம் பிறக்கும் களங்களை நான்காகக் கூறினார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. சிறுவரின் அச்சத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த, அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜோவான் கான்டர் அம்மையார் கண்டதும் இதனொடு ஒருவாறு ஒத்து வருதல் வியப்பே. ஏழு வயதிற்குட்பட்ட குழந்தை பேயுருவையும் கொடு விலங்கையும் கண்டு, அவற்றின் தோற்றத்திற்கே அஞ்சும். “இது வெறும் நடிப்பு” என்னும் சொல் அதற்குப் பெரும்பாலும் பயன்படாது. மடியும் அணைப்புமே பயன்படும். வளர்ந்த சிறுவனோ அவற்றைக் கண்டு நகைப்பான். தன் வாழ்விலே நிகழக்கூடியதற்கே அவன் அஞ்சுவான். எனவே, போர்ப்படம் ஒன்பது வயதினனுக்கு ஐந்து வயதினனைவிட எளிதென்று எண்ணுதல் பிழையாதலும் உண்டு.

‘கோலியாத்தின் தலையைத் தாவீது வெட்டிய கதையை ஞாயிறு பள்ளியிலே நாமெல்லாம் கேட்டோமே, இரவில் அலறினோமோ?’ என வினவலாம். அலறவில்லை. கேட்ட கதையிலே ஒவ்வொரு குழந்தையும் தான் தாங்குமளவே குருதியைக் கற்பித்துக் கொள்கின்றது. அஞ்சினால் ஆசிரியை குரலைத் தாழ்த்துவார். திரை எவர்க்கும் குரலைத் தாழ்த்துவதில்லை.

இனி எங்கள் வட்டாரத்திற்கே உரிய ஒன்றுண்டு. பிற ஊர்ச் சிறுவனுக்கு வெடியோசை விளையாட்டு. இங்குள்ளானுக்கு அது வீட்டின் வருவாயும் ஆகும், இழவும் ஆகும். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகள் வெடித்துப் பலர் மாண்டனர். அச்செய்திகள் அடுப்பங்கரையிலே பேசப்படுகையில் சிறுவர் உறங்குவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். என் சிற்றன்னையும் ஆலையிலே சரம் பின்னுபவர். ஆதலின், ‘இவன் வயதென்ன?’ என்பதினும், ‘இவன் ஏற்கெனவே எதனைக் கேட்டிருக்கிறான்?’ என்பதே முதல் வினாவாகத் தோன்றிற்று.

யான் தனியே சென்று படத்தை முன்னர்ப் பார்த்தேன். துப்பாக்கிச் சண்டையை அவன் தாங்குவான் என்றே பட்டது. கைப்பேசி விளையாட்டிலே அதனினும் மிகுதியாகக் கண்டவன் அவன். என்னைத் தயங்கச் செய்தது, வீட்டிலே காத்திருக்கும் மனைவியின் பகுதி. இருண்ட கொட்டகையிலே, முழக்கத்தின் நடுவே, அப்பகுதியை அவன் எதிர்கொள்ளுதல் வேண்டாமென முடிவு செய்து, “இப்போதில்லை” என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் வகுப்புத் தோழர் பலரும் பார்த்துவிட்டனர். அவர்களுள் எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை என்பதையும் மறையாது சொல்லவேண்டும்.

சில மாதங்கள் கழித்து வீட்டிலே சிறு திரையில் அதனைக் கண்டோம். வீரன் இறப்பான் என்பதை முன்னரே சொல்லிவைத்தோம், பகற்பொழுது, சிற்றன்னை அருகிருந்தார், நிறுத்தும் பொறியை அவன் கையிலேயே கொடுத்தோம். சண்டைக் காட்சிகளில் ஒருமுறையும் அதனை அழுத்தினானில்லை. வீட்டாரைத் துயரச் செய்தி எட்டும் இடத்திலே அழுத்தினான். திரையை நோக்காது தாயை நோக்கி, “அம்மா, உன் ஆலையிலே ஏதேனும் ஆனால் நமக்கு யார் வந்து சொல்வார்கள்?” என்றான்.

சிற்றன்னை உடனே விடை கூறவில்லை. பின்னர் அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஆலையிலே அறைக்கு இத்தனை பேரே இருக்கலாம் என்னும் விதியையும், மருந்துள்ள இடத்திலே கைப்பேசி கொண்டு செல்லலாகாது என்பதையும், தம் அறையின் வாயில்கள் எப்பக்கம் உள்ளன என்பதையும், உடன் வேலை செய்யும் அண்டை வீட்டுப் பெரியம்மா யாரென்பதையும் ஒவ்வொன்றாய்ச் சொன்னார். எஞ்சிய படத்தை அன்று நாங்கள் பார்க்கவில்லை.