உப்புக்காற்றில் நிற்கும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார்... ஐரோப்பா சுற்றத் தயார் செய்வது எப்படி?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியைத் தாண்டித் தெற்கே வந்தால் உப்பூர், அடுத்து திருப்பாலைக்குடி, அதற்கப்புறம் தேவிபட்டினம். ஒரு பக்கம் பாக் நீரிணைக் கடல், இன்னொரு பக்கம் உப்பளங்கள். இந்த வழியில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். இங்கே காரின் முதல் எதிரி மேடு பள்ளமல்ல, உப்பு!

இப்படிப்பட்ட ஓர் ஊரில் நிற்கும் காரை ஐரோப்பா வரை ஓட்டிப் பார்க்க முடியுமா? அதுவும் தரையோடு தரையாகப் பதுங்கிப் போகும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை? முடியும். ஆனால், கிளம்பும் முன்பு செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து காரில் ஐரோப்பா போவது புதிதல்ல. 2017-ம் ஆண்டு மார்ச் மாதம் மீனாட்சி அரவிந்த், மூகாம்பிகை ரத்தினம் உள்ளிட்ட பெண்கள் கோவையிலிருந்து லண்டனுக்குக் கிளம்பினார்கள். மியான்மர், சீனா வழியாக 24 நாடுகளை 70 நாள்களில் கடப்பது திட்டம். அவர்கள் எடுத்துச் சென்றது டாடா ஹெக்ஸா. உயரமான, ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய வண்டி. சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த வசதிகள் கிடையாது. அதனால், மண் சாலைகளில் அடிவயிறு உரசிக்கொண்டு போவதைவிட, கன்டெய்னரில் ஏற்றிக் கப்பலில் அனுப்பிவிட்டு ஐரோப்பாவின் தார்ச்சாலையில் ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

முதலில் அடிப்பகுதி

கடலோரக் கார்களில் மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் பார்த்தால் துரு அரித்திருக்கும். காரை லிஃப்ட்டில் ஏற்றி, பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்கள், சஸ்பென்ஷன் இணைப்புகள், சைலன்சர் தாங்கிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த பிரேக் குழாய் ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது தாங்கிவிடலாம். மலை இறக்கத்தில் அழுத்தி மிதிக்கும்போது வெடித்தால், பெடல் தரை வரை போய்விடும். சந்தேகம் வந்தால் குழாயை மாற்றிவிடுவதே நல்லது.

ஐரோப்பா போனால் உப்புத் தொல்லை தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் அங்கே பனியை உருக்கச் சாலையிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். காரின் அடியில் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பது, போகும்போதும் உதவும், திரும்பி வந்த பிறகும் உதவும்.

ரேடியேட்டரில் தண்ணீரா?

ராமநாதபுரம் வெயிலில் ரேடியேட்டர் வற்றினால், பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு போவது சகஜம். ஐரோப்பாவில் இந்தப் பழக்கம் இன்ஜினையே காவு வாங்கிவிடும். தண்ணீர் 0 டிகிரியில் உறையும், உறையும்போது விரியும். இரவில் வெளியே நிறுத்திய காரின் இன்ஜின் பிளாக் விரிசல் விடக்கூடும். பழைய தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு, கூலன்ட்டும் சுத்திகரித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினால், மைனஸ் 30 டிகிரிக்குக் கீழேயும் உறையாது. கண்ணாடி கழுவும் தண்ணீருக்கும் உறையாத திரவம் தேவை. பழைய பேட்டரி குளிரில் கைவிடும் என்பதால் அதையும் சோதித்துவிடுங்கள்.

கொல்லிமலையில் ஒரு ஒத்திகை

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கனவுச் சாலைகளில் ஒன்று, இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய். சுமார் 2,757 மீட்டர் உயரம், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். பனி காரணமாகக் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரையே உத்தமம்.

பயப்பட வேண்டாம், நம் கொல்லிமலையில் 70 வளைவுகள் இருக்கின்றன. கிளம்பும் முன்பு அங்கே ஒரு முறை ஏறி இறங்கினால், காரின் குறைகள் தெரிந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய ஆயில், பிரேக் சூடாகும்போது சீக்கிரம் கொதித்து, பிரேக் பிடிக்காமல் போய்விடும். கடலோரக் கார் என்றால் பயணத்துக்கு முன்பு புது ஆயில் மாற்றுவது கட்டாயம். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல், சின்ன கியரில் இறங்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத ஸ்போர்ட்ஸ் காரில் டயர் தேயாமலேயே கிழடாகிவிடும். ஜெர்மனியின் ஆட்டோபானில் பல இடங்களில் வேகக் கட்டுப்பாடு கிடையாது. பரிந்துரைக்கப்படும் வேகமே 130 கிலோமீட்டர். அங்கே வயதான டயரோடு போவது உயிரோடு விளையாடுவது!

வலது பக்கம் போ!

பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தவிர ஐரோப்பா முழுக்க சாலையின் வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். நம் காரின் ஹெட்லைட், டிம் செய்தாலும் இடது பக்கம் கொஞ்சம் தூக்கி அடிக்கும். அங்கே அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். இதைத் தடுக்க ஹெட்லைட்டில் ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கின்றன.

இன்னொரு சிக்கல், முந்துவது. வலது பக்க ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து லாரிக்குப் பின்னால் போனால், எதிரே வருவது தெரியாது. பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். டோல்கேட்டில் பணம் கட்டுவதும் அவர்தான். கணவன் மனைவியாகப் போனால் இருவருக்கும் முழுநேர வேலை உண்டு.

எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேல்சட்டை, முதலுதவிப் பெட்டி மூன்றும் இருக்கட்டும். பிரான்ஸில் மேல்சட்டையை டிக்கியில் வைக்கக் கூடாது, காருக்குள் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா நெடுஞ்சாலைகளுக்கு ‘விக்னெட்’ என்ற கட்டண வில்லை வாங்க வேண்டும். இத்தாலியின் பழைய நகர மையங்களில் அனுமதியில்லாமல் நுழைந்தால், கேமரா படம் பிடித்து அபராதம் வீட்டுக்கே வரும்.

காகிதங்கள் பத்திரம்

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். காரின் பின்னால் ‘ஐ.என்.டி.’ என்ற நாட்டுக் குறியீடு ஒட்ட வேண்டும். ஷெங்கன் விசாவில் 180 நாள்களுக்குள் 90 நாள்களே தங்கலாம். ஈரான் போன்ற நாடுகள் வழியாகத் தரைமார்க்கமாகப் போவதென்றால், காருக்கான பாஸ்போர்ட் போன்ற ‘கார்னே’ தேவை. மும்பையிலுள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதை வழங்குகிறது.

பலரும் கோட்டை விடுவது இன்ஷூரன்ஸில்தான். நம் ஊர் பாலிசியைக் கூடுதல் பணம் கட்டி நீட்டித்தாலும் நேபாளம், பூடான், இலங்கை போன்ற அண்டை நாடுகளுக்குத்தான் செல்லும். ஐரோப்பாவுக்கு அந்த எல்லைக்கான காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு விபத்து நடந்தால், அடுத்தவருக்கான நஷ்டஈடு குடும்பச் சேமிப்பையே கரைத்துவிடும்.

மூட்டை முடிச்சு

உலகில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், மஸ்டா எம்.எக்ஸ்-5. 2016-ல் 10 லட்சமாவது கார் தயாரானது. அதன் இன்றைய மாடலில் டிக்கி சுமார் 130 லிட்டர்தான். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் கருவியும்தான். இந்த வகைக் கார்களில் கெட்டியான சூட்கேஸ் உள்ளே போகாது. ஆளுக்கொரு துணிப்பை போதும். ஃபேன் பெல்ட், ஃபியூஸ், பல்பு, டோ கயிறு ஆகியவற்றுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, ஊறுகாய் பாட்டிலைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

எல்லா வேலையும் முடிந்ததும் உடனே கப்பலேற்றிவிட வேண்டாம். திருப்பாலைக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே சென்னை வரை ஒரு நாள், முழுச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோளாறாக இருந்தாலும், பாஷை தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போதே வெளிப்படட்டும். போகிற வழியில் உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்கு ஒரு தேங்காயும் உடைத்துவிடுங்கள்!