காலம் கடந்தால் குற்றம் கரைந்து விடுமா?

கடன் கொடுத்தவர் புரோநோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மூன்று ஆண்டு சும்மா இருந்தால், நோட்டு காலாவதி ஆகிவிடும். பிறகு கோர்ட்டுக்குப் போனாலும் பணம் வராது. இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அதே கணக்கைப் பலர் குற்றங்களுக்கும் போடுகிறார்கள்.

"எப்போதோ நடந்தது. இப்போது போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்? கெடு முடிந்து போயிருக்குமே!"

பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களும், பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் இப்படி நினைத்தே வாயை மூடிக் கொள்கிறார்கள். கொடுமை செய்தவனும் இதையே நம்பி நிம்மதியாகத் தூங்குகிறான்.

அந்த நம்பிக்கை சரிதானா? சட்டம் என்ன சொல்கிறது?

தர்மபுரி மாவட்டத்தில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

வாச்சாத்தி வழக்கு

அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள சிற்றூர் வாச்சாத்தி. மலைவாழ் மக்கள் வாழும் ஊர்.

1992-ம் ஆண்டு ஜூன் 20-ந்தேதி அந்த ஊருக்குள் ஒரு பெரும் படையே புகுந்தது. வனத்துறையினர், போலீசார், வருவாய்த் துறையினர் அதில் இருந்தார்கள். சந்தன மரக் கடத்தலைப் பிடிக்கப் போவதாகச் சொன்னார்கள்.

வீடுகள் சூறையாடப்பட்டன. ஆண், பெண், குழந்தை என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 18 பெண்கள் பாலியல் பலாத்காரம் செய்யப்பட்டார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது. அந்தப் பெண்கள் யாரிடம் போய்ப் புகார் செய்வார்கள்? புகாரை வாங்க வேண்டியவர்களே குற்றம் செய்தவர்களோடு நின்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஜெயிலில் கிடந்தார்கள்.

மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்டு கட்சியினரும்தான் விஷயத்தை வெளியே கொண்டு வந்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1995-ம் ஆண்டில் சென்னை ஐகோர்ட்டு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. மறு ஆண்டு 269 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது.

வழக்கு நடந்தது, நடந்தது, நடந்து கொண்டே இருந்தது. தீர்ப்பு வருவதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்தே போனார்கள்.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந்தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. மீதி இருந்த 215 பேரும் குற்றவாளிகள்! அவர்களில் 17 பேர் பலாத்காரக் குற்றம் புரிந்தவர்கள். அந்த 17 பேரில் 12 பேருக்கு 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு ஜெயில்.

அப்பீல் செய்தார்கள். அது 12 ஆண்டு ஓடியது. நீதிபதி பி.வேல்முருகன் தாமே வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். பிறகு, 2023-ம் ஆண்டு, அதே செப்டம்பர் 29-ந்தேதி, அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா ரூ.10 லட்சம் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டார். அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடம் இருந்தே வசூலிக்க வேண்டும் என்றார்.

குற்றம் நடந்து 31 ஆண்டு. இருபது வயதில் கொடுமையை அனுபவித்தவருக்கு ஐம்பத்தொரு வயது!

நீதி இப்படித் தாமதித்தது பெரிய அநியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "காலம் கடந்து விட்டது, கதவை மூடு" என்று சொல்லி இந்த வழக்கை யாராலும் சாகடிக்க முடியவில்லை. அந்தப் பெண்கள் பத்து ஆண்டு கழித்துப் புகார் செய்திருந்தாலும் கெடு குறுக்கே நின்றிருக்காது.

ஏன்?

கெடு எதற்கு உண்டு? எதற்கு இல்லை?

நம் நாட்டில் குற்ற வழக்குகளுக்குப் பொதுவான கெடு முன்பு கிடையாது. 1974-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அதைக் கொண்டு வந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. கெடு விஷயத்தில் புதுச் சட்டமும் பழைய கணக்கையே வைத்திருக்கிறது.

கணக்கு இதுதான்:

அபராதம் மட்டுமே தண்டனை என்றால், கெடு 6 மாதம்.

ஓர் ஆண்டு வரை ஜெயில் என்றால், கெடு ஓர் ஆண்டு.

ஓர் ஆண்டுக்கு மேல் 3 ஆண்டு வரை ஜெயில் என்றால், கெடு 3 ஆண்டு.

3 ஆண்டுக்கு மேல் ஜெயில் தண்டனை கொடுக்கக் கூடிய குற்றம் என்றால், கெடுவே இல்லை!

பலாத்காரக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆகவே அதற்குக் கெடு கிடையாது. பத்து ஆண்டு போனாலும், முப்பது ஆண்டு போனாலும் புகார் செய்யலாம்.

சிறிய குற்றங்களுக்கு மட்டும் கெடு வைத்தது ஏன்? நாள் ஆக ஆகச் சாட்சிகள் மறந்து போவார்கள், இறந்து போவார்கள். தகராறுகளைக் காலம் முழுவதும் ஒருவன் தலைமேல் தொங்க விடுவது நியாயம் அல்ல. கொடிய குற்றத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

இதில் ஒரு பழைய ஓட்டை இருந்தது. ஒரு பெண்ணைத் தொட்டு மானபங்கம் செய்தால், 2013-ம் ஆண்டு பிப்ரவரிக்கு முன்பு அதிகபட்ச தண்டனை 2 ஆண்டுதான். அதனால் 3 ஆண்டுக் கெடு உண்டு. அந்த ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு என்று ஆனது. அதோடு கெடுவும் போயிற்று.

ஆனால் அதற்கு முன்பு நடந்த மானபங்கத்துக்குப் பழைய கணக்குதான். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், நீதி கருதி அதை மன்னித்து வழக்கை ஏற்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

இன்னொன்று. கெடு உள்ள குற்றத்தில் எந்த நாளைக் கணக்கில் எடுப்பது? புகார் கொடுத்த நாளையா, கோர்ட்டு வழக்கை ஏற்ற நாளையா? புகார் கொடுத்த நாள்தான் என்று 2013-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கோர்ட்டு செய்யும் தாமதத்துக்குப் புகார்தாரர் பொறுப்பு அல்ல.

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

பாதிக்கப்பட்டவரை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வீட்டில் கேட்கும் முதல் கேள்வியும் பல சமயம் இதுவாகத்தான் இருக்கிறது.

பதில் எல்லோருக்கும் தெரியும். குற்றவாளி பெரும்பாலும் அன்னியன் அல்ல. பலாத்கார வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள்தான் என்று மத்திய அரசின் குற்றப் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், பழகியவர்! அவரைப் பற்றி எப்படி வாய் திறப்பது? குடும்ப மானம் என்ன ஆகும்? கலியாணம் நடக்குமா? இந்தப் பயம் ஒரு சிறுமியின் நாக்கைக் கட்டிப் போட்டு விடுகிறது.

இதைச் சுப்ரீம் கோர்ட்டும் உணர்ந்திருக்கிறது. 1996-ம் ஆண்டு பஞ்சாப் வழக்கு ஒன்றில் இரண்டு விஷயங்களை அது தெளிவாக்கியது. குடும்ப மானத்துக்கு அஞ்சிப் புகார் தாமதமானால், அதை மட்டும் வைத்து வழக்கைப் பொய் என்று தள்ளக் கூடாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் நம்பும்படி இருந்தால், வேறு சாட்சி இல்லாமலே தண்டிக்கலாம்.

ஆனாலும் தாமதம் வழக்கைக் கடினமாக்கும் என்பதை மறைப்பதற்கு இல்லை. டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்காது. துணியில் தடயம் இருக்காது. அப்போது எழுதிய கடிதம், அன்றே தாயிடமோ தோழியிடமோ சொன்ன சொல், பார்த்த டாக்டரின் சீட்டு ஆகியவை பெரிய துணை ஆகும். அவற்றைத் தூக்கி எறியக் கூடாது.

குழந்தைகளுக்குத் தனிச் சட்டம்

2012-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி, குழந்தைகள் தினத்தன்று, போக்சோ சட்டம் அமலுக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை, ஆண் குழந்தை இருவருக்கும் அது பொருந்தும்.

குழந்தையாக இருந்தபோது நடந்ததை வளர்ந்த பிறகு சொல்லலாமா என்ற சந்தேகம் எழுந்தது. சிறு வயதில் கொடுமைக்கு ஆளான ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு புகார் செய்ய முயன்றார். முடியாது என்று சொல்லி விட்டார்கள். அவர் விடாமல் மத்திய அரசு வரை முறையிட்டார். 2018-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம் விளக்கம் அளித்தது. போக்சோ குற்றத்தைப் புகார் செய்ய வயது வரம்பும் இல்லை, கால வரம்பும் இல்லை என்பதே அந்த விளக்கம்.

2012-க்கு முன்பு நடந்தவை இந்தச் சட்டத்தில் வரா. அவற்றைப் பழைய இந்திய தண்டனைச் சட்டப்படிதான் விசாரிக்க வேண்டும்.

தண்டனை எவ்வளவு?

கதவு திறந்திருந்தால் போதாது. உள்ளே கிடைக்கும் தண்டனையும் நியாயமாக இருக்க வேண்டும்.

1983-ம் ஆண்டில்தான் பலாத்காரத்துக்குக் குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு என்று வைத்தார்கள். போலீசார் போன்ற அரசு ஊழியர் பதவியைப் பயன்படுத்திச் செய்தாலும், கூட்டாகச் செய்தாலும் 10 ஆண்டு. வாச்சாத்தியில் 7, 10 என்று வந்தது இந்த அளவுகோலால்தான்.

ஆனால் "சிறப்புக் காரணம்" இருந்தால் நீதிபதி அதற்கும் குறைக்கலாம் என்று ஒரு வழியையும் விட்டிருந்தார்கள். இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டது என்றுகூடக் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கேட்டார்கள்! 2013-ம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி ப.சதாசிவம் தலைமையிலான சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சும் தெளிவாகச் சொன்னது. சமரசம், தண்டனைக் குறைப்புக்குக் காரணம் ஆகாது!

2018-ம் ஆண்டில் 7 ஆண்டு என்பதை 10 ஆண்டாக மத்திய அரசு உயர்த்தியது. 2019-ம் ஆண்டு ஆகஸ்டில் போக்சோ தண்டனைகளும் கடுமையாயின.

அப்படியானால் பழைய குற்றவாளிக்கும் புதுத் தண்டனை கொடுக்கலாமா?

கொடுக்க முடியாது. குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ, அதற்கு மேல் தண்டிக்கக் கூடாது என்பது நம் அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவு.

இதற்கு ஓர் உதாரணம். சத்தீஷ்காரில் 5 வயதுக் குழந்தைக்குக் கொடுமை செய்தவனுக்கு, உயிர் உள்ளவரை ஜெயில் என்று தண்டனை கொடுத்திருந்தார்கள். குற்றம் நடந்தது 2019 மே மாதம். அந்தத் தண்டனை சட்டத்தில் வந்ததோ ஆகஸ்டு மாதம். மூன்று மாத வித்தியாசம்! 2025-ம் ஆண்டு ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அதைச் சாதாரண ஆயுள் தண்டனையாக மாற்றியது. அவன் குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

கேட்பவருக்கு வயிறு எரியும். என்றாலும் விதி சரியானதே. சட்டத்தைப் பின்தேதி போட்டு மாற்றலாம் என்று விட்டால், நாளை அது நிரபராதி மீதும் பாயும். அதோடு, தண்டனை கடுமையாக இருந்தால் மட்டும் போதாது. குற்றவாளி மாமனோ சித்தப்பனோ என்றால், கடும் தண்டனைக்கு அஞ்சியே குடும்பம் புகாரை அமுக்கப் பார்க்கும். தண்டனை நிச்சயமாகவும் சீக்கிரமாகவும் கிடைத்தால்தான் கெட்டவன் அஞ்சுவான். வாச்சாத்திக்கு 31 ஆண்டு ஆனது போல் இன்னொரு வழக்குக்கு ஆகக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று அவர்கள் திருப்பி அனுப்ப முடியாது.

குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112 என்ற எண்களில் டெலிபோன் செய்யலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும்.

பாதிக்கப்பட்டவரின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் குற்றம்.

குழந்தைக்கு நடந்தது தெரிந்தும் மறைக்கும் பெரியவருக்கு 6 மாதம் வரை ஜெயில் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒரு பெண்ணோ பிள்ளையோ பழைய கொடுமையைச் சொல்ல வாய் திறந்தால், "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். "இப்போதாவது சொன்னாயே" என்று சொல்லுங்கள்.

புரோநோட்டு காலாவதி ஆகலாம். ஒரு பெண்ணுக்குச் செய்த கொடுமை காலாவதி ஆகாது.